இருபத்தேழாவது வீடு

மஸ்கட்டில் மகள் வீட்டில் நாற்பத்தேழு நாள் இருந்தேன். அங்கே நான் தொலையவில்லை. ஒருநாள் அவளுடைய குடியிருப்பிலிருந்து தனியாகக் கிளம்பி, மூன்று ரவுண்டானா தாண்டி, கடல்வரை நடந்துவிட்டுத் திரும்பி வந்தேன். அரபியில் எனக்கு ஒரு சொல்கூடத் தெரியாது. தொலைந்ததெல்லாம் சென்னையில் வந்து இறங்கிய பிறகுதான். ஆவடிக்குப் போக வேண்டிய என்னை என் மகன் ஜெரால்டு முகப்பேருக்குக் கொண்டுபோனான். அங்கிருந்து என் சொந்த வீட்டுக்குள் போய்ச் சேர நான்கு நாள் ஆயிற்று. தூரம் பதினைந்து கிலோமீட்டர் இருக்கும். அந்தப் பயணத்தைத்தான் இங்கே எழுதுகிறேன். மஸ்கட்டைப் பற்றி எழுத அதிகம் இல்லை. அங்கே எல்லாம் ஒழுங்காக நடந்தது.

முதல் நாள், அக்டோபர் இருபத்து நான்கு. விமான நிலையத்திலிருந்து முகப்பேர் வரை வழியில் அறுபத்தொரு பிளெக்ஸ் பேனர்கள். கைகூப்பியவர்கள் நாற்பத்திரண்டு, கையசைத்தவர்கள் பன்னிரண்டு, மீதி ஏழும் காதணி விழா. மஸ்கட்டில் அரசர் படம் ஒன்றுதான் எங்கும் தொங்குகிறது. அதையும் யாரும் கிழிப்பதில்லை, சாணி அடிப்பதில்லை. ஆனால் அந்தப் படத்தை ஓட்டுப் போட்டு இறக்க முடியாது. இங்கே முடியும். அதற்காக அறுபத்தொன்றையும் பொறுத்துக்கொள்வேன் என்று வண்டியில் சொன்னேன்.

"யார் வந்தாலும் ஒண்ணுதான்பா" என்றான் ஜெரால்டு, கைபேசியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அந்த ஒரு வாக்கியத்தைக் கேட்டால் எனக்கு ரத்தம் கொதிக்கும். நான் ஆவடியில் ராணுவத் தளவாடத் தொழிற்சாலையில் முப்பத்து நான்கு வருடம் பரிசோதகனாக இருந்தவன். எண்ணுவது, அளப்பது, சரியில்லாததைத் திருப்பி அனுப்புவது, இதுதான் வேலை. இரண்டு போல்ட்டும் ஒன்றுதான் என்று ஒருவன் சொன்னால் அவன் அளந்து பார்க்கவில்லை என்று பொருள்.

மகன் வீடு நான்காவது மாடி. லிஃப்ட் ஓடவில்லை. அறுபத்தெட்டுப் படி. மேலே போனால் ஓர் அறையில் என் கட்டில் கிடந்தது. ஆவடி வீட்டில் இருந்த என் கட்டில். என் நாற்காலி, என் இரும்புப் பெட்டி, என் மனைவி லூர்து மேரியின் புகைப்படம், என் சட்டைகள் பதினொன்று.

"இனிமே நீங்க இங்கதான்பா. எல்லாத்தையும் மாத்திட்டேன். கேஸ், ரேஷன் கார்டு, ஓட்டு, எல்லாம் முகப்பேர் அட்ரஸுக்கு. மொபைல்லயே முடிச்சிட்டேன். ரோசி டீச்சருக்கும் போன் பண்ணி, அன்பியத்துல உங்க பேரை எடுத்துடச் சொல்லிட்டேன்."

"யாரைக் கேட்டுச் செஞ்சே?"

"உங்க நல்லதுக்குத்தானேப்பா."

"இருதய ஆண்டவர் படம் எங்கே?"

அவன் கொஞ்சம் தயங்கினான். "அது அங்கயே இருக்கு."

எல்லாவற்றையும் கொண்டு வந்தவன் அதை மட்டும் விட்டுவிட்டான். காரணம் எனக்குத் தெரியும். மூன்று வருடமாக அவனும் மருமகள் பெனிட்டாவும் எங்கள் பங்குக் கோயிலுக்கு வருவதில்லை. பூந்தமல்லியில் ஒரு மேஜை நாற்காலிக் கடைக்கு மேலே உள்ள ஜெபக்கூடத்துக்குப் போகிறார்கள். படமும் சுரூபச் சிலையும் அங்கே ஆகாது, விக்கிரகமாம். நானும் ஒருமுறை போய்ப் பார்த்தேன். பதினான்கு ஒலிபெருக்கி. ஆண்டவருக்குக் காது மந்தமா என்று கேட்டதற்கு மகன் ஒரு வாரம் பேசவில்லை.

அன்பியம் என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் பங்கில் முப்பது வீடுகளுக்குக் கொஞ்சம் கூடக் குறைய ஒரு குழுவாகச் சேர்த்து அப்படிப் பெயர் வைத்திருக்கிறோம். ஜெபமாலை மாதமான அக்டோபரில் மாதா சுரூபம் ஒரு நாளைக்கு ஒரு வீடாகப் போகும். சாயங்காலம் இந்த வீட்டிலிருந்து எடுத்து அடுத்த வீட்டில் வைத்து ஜெபமாலை சொல்வோம். மறுநாள் சாயங்காலம் வரை மாதா அந்த வீட்டு விருந்தாளி. எங்கள் அன்பியத்தில் முப்பத்தொரு வீடு, அக்டோபருக்கும் முப்பத்தொரு நாள். இவ்வளவு கச்சிதமாகப் பொருந்திய கணக்கை என் வாழ்நாளில் நான் வேறெங்கும் பார்த்ததில்லை. என் வீடு இருபத்தேழாவது. பத்தொன்பது வருடமாக இருபத்தேழாம் தேதி மாதா என் வீட்டுக்கு வருகிறாள். லூர்து மேரி இறந்த வருடமும் வந்தாள். அதற்காகத்தான் மஸ்கட்டில் மகள் கெஞ்சியும் கேட்காமல் இருபத்து நான்காம் தேதியே வந்து இறங்கினேன்.

அன்று இரவு கம்பு உப்புமா. நான்கு வாய் தின்றேன். மஸ்கட்டில் பாகிஸ்தான்காரன் கடையில் வாங்கிய குபூஸ் ரொட்டிகூட இதைவிடச் சுலபமாகத் தொண்டையில் இறங்கியது.

இரண்டாம் நாள் காலை, கோபித்துக்கொண்டு கிளம்பினேன். வீட்டுச் சாவியைக் கேட்டதற்கு, "எங்கேயோ வெச்சிட்டேன்பா, தேடணும்" என்றான். பொய். சின்ன வயதிலிருந்து பொய் சொன்னால் அவனுக்கு மூக்கு நுனி வியர்க்கும்.

சாவி இல்லாமலே போனேன். ஆவடி என்று யாரோ சொன்னதைக் கேட்டு ஏறிய பேருந்து பூந்தமல்லிக்குப் போனது. நடத்துனர் சீட்டைக் கிழித்துக் கொடுத்த பிறகு சொன்னார்: "ஐயா, அங்க போய் வேற வண்டி மாறிக்குங்க." இருபத்திரண்டு நிறுத்தம். தோண்டிப்போட்ட பள்ளங்கள் ஒன்பதுவரை எண்ணினேன். பத்தாவதில் தலை கம்பியில் இடித்துக்கொண்டதால் விட்டுவிட்டேன்.

பூந்தமல்லியில் ஷேர் ஆட்டோ. உள்ளே எட்டுப் பேர் ஏறியாகிவிட்டது. ஓட்டுபவர் இன்னும் கிளம்பவில்லை.

"இன்னாப்பா, இன்னும் எவ்ளோ பேரை ஏத்துவே? கூரை மேல உக்காரவா?" என்றாள் மீன்கூடையுடன் இருந்த ஓர் அம்மாள்.

"பெர்சு கொஞ்சம் நவுந்து குந்துனா இன்னும் ரெண்டு டிக்கெட் கீது" என்றார் அவர், என்னைப் பார்த்து.

நான் நகர்ந்தேன். நகர்ந்து நகர்ந்து பாரிவாக்கம் தாண்டும்போது என் பாதி உடம்பு வெளியே காற்று வாங்கிக்கொண்டிருந்தது. ஏரிப் பக்கம் முன்பு வயலாக இருந்த இடமெல்லாம் கல் நட்டு வைத்திருக்கிறார்கள். ஆவடிக்கு ஏன் போகிறீர்கள் என்று அந்த அம்மாள் கேட்டாள். என் ஓட்டை மகன் என்னைக் கேட்காமலே முகப்பேருக்கு மாற்றிவிட்டான் என்றேன்.

அவள் சிரித்த சிரிப்பில் கூடை ஆடியது. "உனுக்காவது எங்கனா கீதே நைனா! எங்க மாமியா செத்து மூணு வருஷம் ஆவுது. அது பேரு இன்னும் லிஸ்ட்ல கீது. எங்க ஊட்டுக்காரருதான் போய் எழுதிக் குடுக்க மாட்டேன்றாரு. அம்மா பேரு அதுலயாவது இருக்கட்டும்றாரு."

ஆட்டோவில் எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. செத்தவளைச் சொந்தத் தெருவிலேயே வைத்திருக்கும் மகனும் இந்தப் பக்கத்தில் இருக்கிறான். உயிரோடு இருக்கிறவனைக் கைபேசியில் குடிபெயர்க்கும் மகனும் இருக்கிறான்.

ஓட்டு விஷயத்தில் நான் பிடிவாதக்காரன். பதினெட்டுத் தேர்தலில் ஓட்டுப் போட்டிருக்கிறேன். யாருக்கு என்று லூர்து மேரிக்குக்கூடச் சொன்னதில்லை. தொழிற்சங்கத்தில் கொடி பிடித்தவன்தான், ஆனால் சங்கம் சொன்னதற்காகப் போட்டதில்லை. பிரசங்க மேடையில் சாமியார் ஜாடையாகச் சொன்னபோது எழுந்து வெளியே வந்தேன். மகனுடைய பாஸ்டர் ஆள்பவர்களுக்காக ஜெபிக்கச் சொல்கிறாராம். ஜெபிக்கட்டும். எங்கள் தெருவில் சாக்கடை மூடி ஏழு உடைந்து கிடக்கிறது. அதை ஆள்பவர்களிடம் கேட்பதும் ஜெபத்தில் சேர்த்திதான் என்பது என் கட்சி. அதைக் கேட்க எனக்கு அந்தத் தெருவில் ஓட்டு வேண்டும்.

வீட்டு வாசலில் "வாடகைக்கு" என்று அட்டை தொங்கியது. கதவில் பூட்டு. படியில் உட்கார்ந்து மூச்சு வாங்கினேன். எதிர்வரிசையில் தெருக்கோடியிலிருந்து ராயப்பன் வந்தார். தொழிற்சாலையில் ஸ்டோர்ஸில் இருந்தவர். அவர் ஐம்பது என்று அனுப்பும் பெட்டியில் நாற்பத்தெட்டுதான் இருக்கும். எனக்கும் அவருக்கும் முப்பது வருடத் தகராறு. அன்பியத்தில் அவர் வீடு இருபத்தாறாவது.

"என்ன சவரிமுத்து, முகப்பேர்காரர் ஆயிட்டீராமே? விசா கெடச்சு வந்தீரா?"

"இருபத்தேழாம் தேதி மாதா எங்கே போகிறாள்?"

"எங்கேயும் போகலை. உம்ம வீடு பூட்டிக் கிடக்கு. அதனால என் வீட்டுலயே ரெண்டு நாள். டீச்சரே சொல்லிட்டாங்க. என் சம்சாரம் ரெண்டாவது நாளைக்குக் கேசரி கிண்டப் போறா. நீரும் வாரும்." பல் எல்லாம் தெரியச் சிரித்தார். மேல்வரிசையில் நான்குதான் மிச்சம்.

ரோசி டீச்சர் வீட்டுக்கு நேராகப் போனேன். அன்பியப் பொறுப்பாளர். ஓய்வு பெற்ற கணக்கு ஆசிரியை, ஆகவே நியாயம் பேசலாம் என்று நினைத்தேன்.

"சவரி சார், நான் என்ன செய்யட்டும்? உங்க பையனே போன் பண்ணி எடுக்கச் சொன்னாரு. பூட்டுன வீட்டுக்கு மாதாவைக் கூட்டிட்டுப் போக முடியுமா? நீங்க வந்து கதவைத் தொறந்து விளக்கு ஏத்தி வைங்க. ஏழு மணிக்கு நாங்க வர்றோம். பூட்டியிருந்தா ராயப்பன் வீட்டுலயே இருக்கட்டும்."

அங்கன்வாடியில் இருக்கும் பெண்தான் எங்கள் தெருவின் வாக்காளர் பட்டியலையும் பார்க்கிறாள். படிவம் கொடுத்தாள். அவளும் அதையேதான் சொன்னாள். "குடியிருக்கீங்கன்னு நான் பாக்கணும் சார். இருபத்தெட்டாம் தேதி காலைல பதினொரு மணிக்கு வருவேன். கதவைத் தொறந்துவெச்சு உக்காந்திருங்க, போதும்."

ஆக, தேர்தலுக்கும் மாதாவுக்கும் ஒரே நிபந்தனை. கதவு திறந்திருக்க வேண்டும். சாவி மகனிடம்.

திரும்பும்போது டீக்கடையில் இரண்டு மசால்வடை தின்றேன். நாற்பத்தெட்டு நாளில் வாய்க்குப் பிடித்தது அதுதான்.

மூன்றாம் நாள் எங்கும் போகவில்லை. சண்டை போட்டேன். அதுவும் ஒரு பயணம்தான், களைப்பு அதே களைப்பு.

"சாவியைக் கொடு."

"தர மாட்டேன்பா. போன வருஷம் பாத்ரூம்ல வழுக்கி விழுந்து ரெண்டு மணி நேரம் கெடந்தீங்க. பால்காரம்மா வரலைன்னா?"

"ஒரு மணி நாற்பது நிமிஷம்."

"அப்பா!"

"எண்ணிக்கொண்டுதான் கிடந்தேன். எனக்குத் தெரியாதா?"

அவன் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டான். பிறகு மெதுவாகச் சொன்னான். "அந்த ஃபோன் வந்தப்ப நான் எப்படி வண்டி ஓட்டிட்டு வந்தேன்னு உங்களுக்குத் தெரியாது. பாடி மேம்பாலத்துல சிக்னலே பாக்கலை."

ஆனால் கோபம் அவ்வளவு சீக்கிரம் இறங்குவதில்லை. "அதற்காக என் பெயரை எடுப்பாயா? சரி, ஒன்று செய். டீச்சருக்கு ஃபோன் பண்ணு. நான் சொன்னது தப்பு, மாதாவை எங்கள் வீட்டுக்கு அனுப்புங்கள் என்று சொல்."

"அதை மட்டும் கேக்காதீங்க. நான் விட்டுட்டு வந்த காரியம் அது. மண்ணுல செஞ்ச பொம்மையைக் கூப்பிட்டு வீட்டுல வைக்க என் மனசாட்சி இடம் குடுக்காது."

"பொம்மைக்கு யாரடா ஜெபிக்கிறார்கள்? உன் பர்ஸில் உன் மகள் படம் இருக்கிறதே, அந்தக் காகிதத்தையா கொஞ்சுகிறாய்?"

"அது வேறப்பா."

"அளந்து பார்த்தாயா?"

அவன் எழுந்து அலுவலகத்துக்குப் போய்விட்டான். நான் ஜெபமாலையை எடுத்து உட்கார்ந்தேன். ஐம்பத்து மூன்று அருள்நிறைந்த மரியே. எனக்கு இந்த ஜெபம் பிடிப்பதற்கு அதுவும் ஒரு காரணம், கைவிரல் எந்த மணியில் இருக்கிறது என்று எப்போதும் தெரியும். அன்றைக்கு மூன்று முறை தவறிவிட்டது.

நான்காம் நாள் காலை, அவன் போன பிறகு பெனிட்டா ஒரு டிபன் பாக்ஸ் கொண்டுவந்து என் பையில் வைத்தாள்.

"மாமா, இட்லி ஆறு. மேல் தட்டுல இருக்கிறதை முதல்ல எடுங்க. குளிக்கிற இடத்துல ஸ்டூல் போட்டுக்கோங்க. உக்காந்தே குளிங்க. போய்ச் சேர்ந்ததும் எனக்கு ஒரு மிஸ்டு கால்."

மேல் தட்டில் சாவி இருந்தது. நான் நிமிர்ந்து பார்ப்பதற்குள் சமையலறைக்குள் போய்விட்டாள். அவளும் அந்த ஜெபக்கூடத்துக்குத்தான் போகிறாள். மனிதர்களை முழுதாக அளக்கிற கருவி எங்கள் தொழிற்சாலையில் இருந்ததில்லை.

இந்த முறை பலகையைப் படித்துப் பேருந்து ஏறினேன். அம்பத்தூர் தாண்டியதும் மழை பிடித்தது. வீட்டுக்குள் ஐம்பது நாள் தூசி. "வாடகைக்கு" அட்டையை நான்காகக் கிழித்தேன். கட்டில் இருந்த இடத்தில் தரையில் நான்கு வட்டத் தடம். சுவரில் இருதய ஆண்டவர் தனியாக இருந்தார். கூட்டினேன், துடைத்தேன், உட்கார்ந்துதான் குளித்தேன். ஜெபத்துக்கு வருபவர்களுக்குச் சுண்டல் செய்ய நேரமில்லை, டீக்கடையில் அறுபது மசால்வடை சொல்லிவைத்தேன். ஆறரைக்கு விளக்கு ஏற்றினேன்.

ஏழு மணி ஆயிற்று. யாரும் வரவில்லை. ஏழேகாலுக்குத் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு ராயப்பன் வீட்டுக்கு ஓடினேன். உள்ளே இருபத்து மூன்று பேர், கேசரி வாசனை. சுரூபம் தூக்கும் நான்கு வாலிபர்களும் மழையைச் சாக்குச் சொல்லி வரவில்லை.

"இந்த மழையில எப்படிய்யா எடுத்துட்டுப் போறது? இன்னிக்கும் இங்கயே இருக்கட்டும்" என்றார் ராயப்பன். கேசரித் தட்டை நீட்டினார்.

"கதவு திறந்திருக்கிறது. விளக்கு எரிகிறது. டீச்சர், நீங்கள் சொன்னது இவ்வளவுதானே?"

"சரிதான் சார். ஆனா யாரு தூக்குறது?"

"நான்."

"உமக்கு எழுபத்து மூணு!" என்றார் ராயப்பன்.

"உமக்கு எழுபத்தைந்து. நீர் கேசரியைத் தூக்கும்."

பெண்கள் சிரித்தார்கள். நான் மாதாவை எடுத்தேன். இரண்டரை அடி உயரம், ஏழு கிலோ இருக்கும். நீல முக்காட்டின் மேல் பிள்ளைகள் கட்டிய காகிதப் பூ மாலை. ரோசி டீச்சர் முன்னால் ஜெபத்தைத் தொடங்கினார். வாசல் கூரைக்கடியில் படி இறங்கும்போது எதிரே ஹெல்மெட்டோடு ஒருவன் நின்றான். ஜெரால்டு. அலுவலகத்திலிருந்து நேராக வந்திருக்கிறான். மூக்கிலிருந்து தண்ணீர் சொட்டியது.

"அப்பா, கீழ வைங்க. வழுக்கி விழுந்துடுவீங்க."

"அப்படியென்றால் நீ வாங்கிக்கொள்."

இருபத்து மூன்று பேரும் ஜெபத்தை நிறுத்திவிட்டார்கள். அவன் சுரூபத்தைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். கையை நீட்டவில்லை. சிறுவயதில் இதே மாதாவுக்கு முன்னால் கொடி பிடித்துக்கொண்டு போனவன். நான் அவனைச் சுற்றிக்கொண்டு மழையில் இறங்கினேன்.

முதல் அடியிலேயே தலைக்கு மேல் மழை நின்றது. டீச்சர் கையிலிருந்த பெரிய கறுப்புக் குடையை வாங்கிக்கொண்டு அவன் என் வலப்பக்கம் வந்திருந்தான்.

"உங்களுக்குத்தான்பா பிடிக்கிறேன். வேற எதுவும் இல்லை. தப்பா எடுத்துக்காதீங்க."

"பேசாமல் வா. எண்ணிக்கை தவறும்."

ராயப்பன் வீட்டிலிருந்து என் வீட்டுக்கு இருநூற்றுப் பன்னிரண்டு அடி எடுத்து வைத்தேன். உடைந்த சாக்கடை மூடி ஒவ்வொன்றும் வரும்போது, "அப்பா, இடது பக்கம்", "அப்பா, குழி" என்று சொல்லிக்கொண்டே வந்தான். ஏழும் அவனுக்கு மனப்பாடம். பின்னால் பெண்கள் அருள்நிறைந்த மரியே சொன்னார்கள். அவன் வாயைத் திறக்கவில்லை. வாசலில் செருப்பைக் கழற்றியவன் உள்ளே வராமல் வெளியிலேயே நின்றான்.

இருதய ஆண்டவர் படத்துக்குக் கீழே, டீக்கடையில் இரவல் வாங்கிய மேஜையில் மாதாவை வைத்தேன். துண்டை எடுத்துத் துடைக்கப் போனபோதுதான் கவனித்தேன். என் இடது தோள், முதுகு, வேட்டியின் ஒரு பக்கம் எல்லாம் பிழிந்தால் ஒரு வாளி தேறும்.

"பாருங்க எப்படி நனைஞ்சிருக்கீங்கன்னு. இதுக்குத்தான் சொன்னேன்" என்றான் ஜெரால்டு வாசலிலிருந்து, குடையை உதறியபடி.

காகிதப் பூ மாலையைத் தொட்டுப் பார்த்தேன். நாற்பது பூ. ஒவ்வொன்றாக எண்ணினேன். ஒன்றில்கூட ஈரம் இல்லை.